பணியும் வெளியும்: இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் வாழ்வும் கொசஸ்தலையாற்று நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தொல்பழங்கால வரலாறு பெரும்பாலும் 1863ஆம் ஆண்டுப் பல்லாவரம் கற்கோடரியிலிருந்து தொடங்கி எழுதப்படுகிறது. அக்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912) தொல்லியல் துறையில் பணியாற்றியவர் அல்லர். நிலவியல் அளவாய்வுத் துறையின் அலுவலர். கற்கருவிகளைத் தேடுவது அவருக்கு இடப்பட்ட பணியன்று. பணிக்கடமைக்கும் திறந்தவெளி மீது கொண்ட பற்றுக்கும் இடையே அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் பணியையும் விருப்பத்தையும் நேரத்தால் பங்கிட்டவர் அல்லர், ஒரே நடையை இரண்டுக்கும் உரியதாக்கியவர் என்பது இதன் கருதுகோள். எண்ணூர்க் கழிமுகத்தில் முடியும் கொசஸ்தலையாற்றின் நிலம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புரூஸ் ஃபூட், கொசஸ்தலையாறு, அத்திரம்பாக்கம், எண்ணூர், பழைய கற்காலம், களஆய்வு, பீட்டர் பெர்சிவல்.

முன்னுரை

தமிழர் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து கூற முற்படும் நூல்களில் புரூஸ் ஃபூட்டின் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு தொடரில் வந்து மறைகிறது. பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்தவர் என்பது அத்தொடர். அதன்பின் நூல் பெருங்கற்காலத்துக்கோ சங்க காலத்துக்கோ நகர்ந்துவிடும். அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஒரு வாழ்க்கை இருந்தது. அவ்வாழ்க்கை எவ்வாறு அமைந்தது என்பதை அறியாமல் அக்கண்டுபிடிப்பின் தன்மையை அறிய இயலாது.

அரசு அலுவலகத்தில் பொறுப்புள்ள ஒரு பணி, அப்பணியின் எல்லைக்குள் அடங்காத ஒரு வெளிவிருப்பம் என்னும் இரண்டையும் ஒருவர் ஒருங்கே சுமக்க நேரும்போது பொதுவாக மூன்று வழிகளில் ஒன்று நேர்கிறது. விருப்பம் விடுமுறை நாளுக்கு ஒதுக்கப்படலாம், பணி கைவிடப்படலாம், அல்லது விருப்பமே மெல்ல மறக்கப்படலாம். ஃபூட்டின் வாழ்க்கை இம்மூன்றிலும் அடங்கவில்லை. அவர் 33 ஆண்டுகள் அரசுப்பணியைக் குறைவின்றிச் செய்தார். அதே 33 ஆண்டுகளில், யாரும் பணிக்காத வேறொரு பணியையும் செய்தார். இது எவ்வாறு கூடிற்று என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. சென்னைக்கு வந்த அலுவலர்

ஃபூட் 1834 செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். தாமஸ் ஓல்டாமின் தலைமையில் 1851இல் உருவான அத்துறையின் தோற்றத்துக்கு நிலக்கரித் தேடலே முதன்மைக் காரணம். கரி, இரும்பு, பொன், கட்டடக்கல் ஆகியவை எங்குள்ளன என்று அறிந்து வரைபடம் தீட்டுவது அதன் அலுவலர்களின் கடமை. பேரரசின் பொருளியல் தேவைக்காக நிலத்தைப் படித்த துறை அது. ஃபூட்டின் அலுவல்முறை நடைகள் அனைத்தும் அந்நோக்கத்துக்கு உட்பட்டவை என்பதை மறைத்து அவருடைய வாழ்வை எழுதுதல் பொருந்தாது.

அவர் வந்தபோது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, பயணிகளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்த காலம் அது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையிலான தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856இல், அவர் வருகைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்த் திறக்கப்பட்டிருந்தது. நகருக்கு வடக்கே, பேசில் காக்ரேனின் பெயரால் வழங்கிய கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணூர் வரை வெட்டப்பட்டிருந்தது. பின்னர்ப் பழவேற்காடு நோக்கி நீட்டிக்கப்பட்ட இது, 1876–78 பஞ்சத்துக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்ற நீர்வழியின் முற்பகுதியாகும். கழியும் கடலும் சேரும் எண்ணூர், சென்னை ஆங்கிலேயரின் ஓய்விடங்களுள் ஒன்றாக விளங்கியது. வேலைநாள் கோட்டையிலும் வணிக அலுவலகத்திலும் கழிய, ஓய்வுநாள் கழியின் படகிலும் கடற்காற்றிலும் கழிந்தது. பணியும் வெளியும் தனித்தனியே பிரிந்து நின்ற வாழ்க்கைமுறைக்கு எண்ணூர் ஒரு சான்று.

நிலவியல் அளவாய்வாளரின் வாழ்க்கை இவ்வகையில் பிரிந்ததன்று. ஆண்டின் வறண்ட மாதங்களில் கூடாரம், மாட்டுவண்டி, குதிரை ஆகியவற்றுடன் மாவட்டங்களைக் கடப்பதும், வெயிலும் மழையும் களப்பணியைத் தடுக்கும் மாதங்களில் தலைமையிடத்தில் அமர்ந்து வரைபடத்தையும் அறிக்கையையும் முடிப்பதும் அத்துறையின் வழக்கம். அவருக்கு வெளியே அலுவலகம். திறந்தவெளியில் இருக்கும் வாய்ப்பைப் பணியே தந்தது. ஆயினும் வெளியில் இருப்பது ஒன்று, வெளியை விரும்புவது மற்றொன்று. பாறையின் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்பவருக்கும், பணி முடிந்த பின்னும் அதே சரளை மேட்டில் குனிந்து தேடுபவருக்கும் உள்ள வேறுபாடு அது.

2. பெர்சிவலின் குடும்பத் தொடர்பு

ஃபூட்டின் வாழ்வில் தமிழாய்வாளர் கவனிக்கத்தக்க உறவொன்று உண்டு. அவர் பீட்டர் பெர்சிவலின் மருமகன். யாழ்ப்பாணத்தில் வெசுலியன் சமயப்பணியாளராக இருந்து, ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பை மேற்கொண்டவர் பெர்சிவல். பின்னர்ச் சென்னையில் 1855இல் தினவர்த்தமானி இதழைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கினார். சி. வை. தாமோதரம்பிள்ளை பணியாற்றிய இதழ் என்ற வகையிலும் தினவர்த்தமானி தமிழ் இதழியல் வரலாற்றில் இடம்பெறுகிறது.

பெர்சிவல் தொகுத்த தமிழ்ப் பழமொழிகளின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டது. மக்கள் வாயில் வழங்கியவற்றை மாமனார் தொகுத்தார். மக்கள் காலடியில் கிடந்தவற்றை மருமகன் தொகுத்தார். இருவருடைய தொகுப்பிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. எல்லாராலும் பார்க்கப்பட்டும் கேட்கப்பட்டும், மதிப்பற்றது என விடப்பட்டவற்றையே இருவரும் சேர்த்தனர். ஒருவர் மற்றவரிடமிருந்து இம்முறையைக் கற்றார் என்று கூறச் சான்று தேவை. இங்கு அவ்வாறு கூறப்படவில்லை. தமிழ்ச்சொல்லின் தொகுப்பும் தமிழ்நிலத்தின் தொகுப்பும் ஒரே காலத்தில், ஒரே குடும்பத்துக்குள் நிகழ்ந்தன என்பது மட்டுமே சுட்டப்படுகிறது. தமிழியல் வரலாற்றில் பெர்சிவலை ஓர் இயலிலும் ஃபூட்டை வேறோர் இயலிலும் வைத்துப் படிப்பதால் இத்தொடர்பு கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது.

3. 1863: இரண்டு நாள்கள்

ஐரோப்பாவில் மனிதத் தொன்மை பற்றிய கருத்து 1859ஆம் ஆண்டில் மாறியது. பிரான்சின் சோம் ஆற்றுச் சரளைப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகள் கிடைத்ததாக பூஷே தெ பெர்த் நெடுங்காலம் கூறிவந்தார். பிரெஸ்ட்விச்சும் எவான்சும் நேரில் சென்று அதனை உறுதிசெய்த ஆண்டு அது. அந்தச் செய்தியை அறிந்திருந்த ஃபூட் சென்னை மாகாணத்துச் சரளைப் படிவுகளையும் அதே கண்ணோடு பார்த்தார்.

1863 மே 30, ஒரு சனிக்கிழமை. பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடலருகே தோண்டப்பட்டிருந்த சரளைக் குழியின் பக்கத்தில், வெளியே எறியப்பட்ட செம்பூரான் சரளையினிடையே மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லை அவர் இனங்கண்டார். அக்கல்லை வெளியே கொண்டுவந்தது சரளைக்காகக் குழி வெட்டியவர்களின் கடப்பாறை. சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் படைமுகாமுக்கும் வேண்டி நிலம் எங்கும் வெட்டப்பட்ட காலத்தில், பல நூறு குழிகளிலிருந்து இத்தகைய கற்கள் வெளிவந்து பாதைகளில் பரப்பப்பட்டிருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றைக் கருவி என்று கண்ட பார்வையே புதியது.

எனினும் அக்கல் தன் அடுக்கிலிருந்து பிரிந்த நிலையில் கிடைத்தது. எந்த அடுக்கில் கிடந்தது என்று சொல்லமுடியாத கல் கருவியாகலாம், ஆனால் காலச்சான்றாகாது. நிலவியலாளராகிய ஃபூட்டுக்கு இந்தக் குறை தெளிவாகவே தெரிந்திருக்கும். அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணிபுரிந்த வில்லியம் கிங்குடன் சென்று, சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கொசஸ்தலையாற்றைச் சேரும் ஓடையொன்றின் கரையில் அமைந்த அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். அங்குக் கருவிகள் மிகுதியாகவும், படிவத்துக்குள் பொதிந்த நிலையிலும் கிடைத்தன. பல்லாவரம் எழுப்பிய வினாவுக்கு அத்திரம்பாக்கம் விடை தந்தது.

இவ்விரு நாள்களும் ஆண்டின் எப்பகுதியில் விழுகின்றன என்பது கருதத்தக்கது. மே மாத இறுதியும் செப்டம்பர் மாத இறுதியும் அத்துறையின் வழக்கமான குளிர்காலக் களப்பருவத்துக்குப் புறத்தே அமைவன. தலைமையிடத்தில் எழுத்துப்பணிக்கு உரிய மாதங்களிலும் அவர் நடந்துகொண்டிருந்தார் என்று இதனால் கருதலாம். பணி வெளியே அழைக்காத காலத்தும் அவரை விருப்பம் வெளியே அழைத்தது. விருப்பம் சென்ற இடத்துக்குப் பணியில் பெற்ற பயிற்சியும் உடன்சென்றது. செம்பூரான் படிவின் அடுக்குகளை அறிந்த கண் இல்லையேல் அக்கல் கூழாங்கல்லாகவே இருந்திருக்கும்.

இவ்விரு கண்டுபிடிப்புகளையும் உள்ளடக்கிய விரிவான கட்டுரையைக் கிங்கின் பின்னிணைப்புடன் 1866இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் ஃபூட் வெளியிட்டார். 1868இல் இலண்டன் நிலவியல் கழகத்திலும், நார்விச் நகரில் கூடிய தொல்பழங்கால ஆய்வு மாநாட்டிலும் தென்னிந்தியக் கற்கருவிகள் பற்றிய அவருடைய ஆய்வுகள் இடம்பெற்றன.

4. மலையிலிருந்து கழிமுகம் வரை

பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வடஆற்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் குறித்து ஃபூட் எழுதிய அறிக்கை 1873இல் துறையின் ஆய்வுத்தொகுதி வரிசையில் வெளிவந்தது. இன்று வடசென்னை எனப்படும் திருவொற்றியூர், எண்ணூர்க் கரையும், செங்குன்றத்துச் செம்பூரான் மேடுகளும், சத்தியவேடு, அல்லிக்குழிக் குன்றுகளும் அடங்கிய நிலப்பரப்பு இது. கொசஸ்தலையாறு, அல்லது கொற்றலையாறு, இந்நிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக ஊடறுத்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது.

அந்நிலத்தின் அமைப்பை அறிந்தால்தான் பணியும் விருப்பமும் எங்கே ஒன்றாயின என்பது புலப்படும். அல்லிக்குழிக் குன்றுகளில் உருளைக்கற்கள் செறிந்த திரள்பாறை உள்ளது. அப்பாறை சிதையும்போது அதிலுள்ள குவார்ட்சைட் உருளைகள் விடுபட்டுச் சரிவுகளிலும் ஓடைகளிலும் சேர்கின்றன. கடினமும் சீரான மணியமைப்பும் கொண்ட அக்கல், தட்டினால் கூரிய விளிம்புடன் பிளவுபடும். கருவி செய்தவர்களுக்கு மூலப்பொருள் ஓடைக்கரையிலேயே கிடைத்தது, நீரும் கிடைத்தது, தங்குவதற்குக் குடியம் போன்ற இடங்களில் பாறைக்குகைகளும் இருந்தன. திரள்பாறை எங்குள்ளது என்று குறிப்பது ஃபூட்டின் அலுவல். அப்பாறையிலிருந்து பிரிந்த கல்லை எவர் எடுத்துச் செதுக்கினர் என்று கேட்டது அவருடைய விருப்பம். முதல் வினாவுக்கு விடை காணாமல் இரண்டாம் வினாவை எழுப்பவே இயலாது. ஒரே நடையில் ஒரே கல்லை இருமுறை படித்தார் எனலாம்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலத்தின் இயல்பு மாறுகிறது. மேட்டில் குறிஞ்சியும் முல்லையும் கலந்த குன்றுச் சரிவு. நடுவே ஏரிப்பாசன மருதம். கடைசியில் கழியும் உப்பளமும் மணல்மேடுமாகிய நெய்தல். இலக்கண நூலார் வகுத்த திணைப்பாகுபாட்டை ஃபூட் அறிந்திருந்தார் என்பதற்கில்லை. ஆயினும் மண்ணும் பாறையும் நீரும் ஓரிடத்து வாழ்வை எவ்வாறு வரையறுக்கின்றன என்ற நோக்கு அவருடைய ஆய்வின் அடிப்படையாக அமைந்தது. முதற்பொருளை நிலத்தில் நடந்து அறிந்தவர் அவர்.

அவருடைய கருத்துகள் அனைத்தும் நிலைபெற்றன அல்ல. கிழக்குக் கடற்கரையின் செம்பூரான் படிவுகள் கடலடியில் படிந்தவை என்று அவர் தொடக்கத்தில் எண்ணினார். பிற்கால ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதரற்ற நீண்ட இடைவெளி இருந்தது என்ற அவரது கொள்கையும் பின்னர்க் கைவிடப்பட்டது. ஆனால் எந்தக் கருவி எந்த இடத்தில் எந்த நிலையில் கிடைத்தது என்று அவர் எழுதிவைத்தமையால்தான் பின்வந்தோர் அவருடைய முடிவுகளை மறுக்கவும் முடிந்தது. விளக்கம் பொய்த்தாலும் பதிவு பொய்க்கவில்லை.

5. கடமையாக மாறிய விருப்பம்

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஃபூட்டின் பணி தமிழகத்தையும் கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் தழுவி விரிந்தது. தென்மராட்டிய நாடு பற்றிய அவரது அறிக்கை 1876இலும், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள் பற்றியது 1883இலும், பெல்லாரி மாவட்டம் பற்றியது 1895இலும் வெளிவந்தன. பொன் தாங்கும் பாறைத் தொகுதியைத் தனியே இனங்கண்டு தார்வார் எனப் பெயரிட்டது நிலவியலில் அவருடைய நிலைத்த பங்களிப்பு. அலுவலர் என்ற முறையில் அவர் குறைவைத்தார் என்று கூற இடமில்லை.

இந்த அறிக்கைகளுக்காகச் சென்ற இடமெல்லாம் மற்றத் தேடலும் தொடர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிகளை ஆராயச் சென்றவர் சாயர்புரத்தருகே சிறு கற்கருவிகளைச் சேர்த்தார். தேரிப் பகுதியின் நுண்கற்கருவிகள் பற்றிய முறையான ஆய்வு 1950களில் சாய்னராலும் ஆல்ச்சினாலும் வெளிவர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெல்லாரிப் பகுதியில் சாம்பல் மேடுகளையும் புதிய கற்காலக் கருவிகள் செய்யப்பட்ட இடங்களையும் அவர் பதிவுசெய்தார்.

ஒருமுறை விருப்பமே கடமையாகவும் ஆயிற்று. கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளில் எலும்புப் படிவுகள் இருப்பதை நியூபோல்டு 1840களில் குறிப்பிட்டிருந்தார். உயிரியலாளர் ஹக்ஸ்லி தூண்ட, சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் ஏற்பாடு செய்ய, 1884–85இல் அக்குகைகளை ஃபூட்டும், படைப்பிரிவில் அலுவலராக இருந்த அவருடைய மகன் ஹென்றியும் அகழ்ந்தனர். பல்லாவரத்துக்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்து, தம் விருப்பத்தை அலுவல் ஆணையாகவே அவர் பெற்றார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில் கற்கருவித் தேடலுக்கு அத்தகைய ஆணை இல்லை. திரட்டிய கருவிகள் துறையின் உடைமையாகாமல் அவருடைய சொந்தத் தொகுப்பாகவே இருந்தன என்பது இதனை உறுதிசெய்கிறது.

இவ்விடத்து ஒரு குறையையும் சுட்டவேண்டும். இத்தனை நடைகளிலும் அவர் தனியாகச் செல்லவில்லை. கூடாரம் சுமந்தோர், வண்டி ஓட்டியோர், குழி வெட்டியோர், ஊர்ப்பாதை காட்டியோர் எனப் பலர் உடனிருந்தனர். பல்லாவரத்துக் கல்லையே முதலில் மண்ணிலிருந்து பெயர்த்தவர் அவர்களுள் ஒருவர். இன்று நாம் படிக்கும் வரலாற்றில் அவர்களுக்குப் பெயரில்லை. ஃபூட்டுக்கு வெளி விருப்பத்தின் களமாக இருந்தது. அவர்களுக்கு அதே வெளி கூலியின் களமாக மட்டும் இருந்தது. பணியையும் விருப்பத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்பதை இவ்வாழ்க்கை மறைமுகமாக உணர்த்துகிறது.

6. ஓய்வுக்குப் பின்

1891இல் ஃபூட் அளவாய்வுத் துறையிலிருந்து ஓய்வுபெற்றார். அதன்பின் பரோடா அரசுக்காக நிலவியல் ஆய்வை மேற்கொண்டார். 1894 முதல் சில ஆண்டுகள் மைசூர் அரசின் நிலவியல் துறையை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் ஏற்காட்டில் தங்கினார். 1882இல் பெர்சிவல் மறைந்ததும் அம்மலையூரில்தான்.

ஏற்காட்டு ஆண்டுகளில் அவர் செய்த பணி, நடந்தவற்றை எழுத்தாக்கும் பணி. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொல்பழங்காலப் பொருள்களுக்கு அவர் உருவாக்கிய அட்டவணை 1901இல் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த தம் சொந்தத் தொகுப்பை 1904இல் அதே அருங்காட்சியகத்துக்கு விலைக்குக் கொடுத்தார். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டப்பட்ட அத்தொகுப்பு இந்தியாவை விட்டு வெளியேறாமல் சென்னையிலேயே தங்கியது தமிழகத் தொல்லியலுக்கு நேர்ந்த பெரும்பேறு. தொகுப்புக்கு அவர் எழுதிய விரிவான விளக்க அட்டவணை 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. இரண்டையும் அச்சில் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்தில் உள்ளது.

அலுவல் அறிக்கைகளையும் விருப்பத் தொகுப்பையும் இன்று அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. அரசு ஊதியம் கொடுத்துப் பெற்ற அறிக்கைகள் அடுத்தடுத்த அளவாய்வுகளால் புதுப்பிக்கப்பட்டன. அது அறிவியலின் இயல்பு. ஊதியமின்றிச் செய்த தேடல் ஒரு புதிய துறைக்கே கால்கோளாயிற்று. அத்திரம்பாக்கத்தை 1960களில் கே. டி. பானர்ஜி அகழ்ந்தார். 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் மேற்கொண்ட அகழாய்வின் பயனாக, அங்குள்ள முற்கால அச்சூலியன் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையுடையன என 2011இலும், இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது என 2018இலும் அறிவிக்கப்பட்டது. ஃபூட்டால் எண்ணிப்பார்க்கவும் இயலாத காலஅளவு இது. அவர் அடையாளமிட்டுச் சென்ற ஓடைக்கரையிலேயே அது வெளிப்பட்டது.

7. இன்றைய ஆறும் ஆய்வாளரும்

ஃபூட் கண்ட கொசஸ்தலையாறு இன்று பல வகையில் மாறிவிட்டது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபின் அந்நீர் சென்னையின் குடிநீரானது. கீழ்ப்பகுதியில் மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1960களிலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும், எண்ணூர்த் துறைமுகம் 2001இலும் செயற்படத் தொடங்கின. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, நீரோட்டம் சுருங்கி, மீன்பிடித்தொழில் நலிவுற்றமை பொதுவெளியில் நெடுங்காலமாகப் பேசப்படும் செய்தி. மேலே 15 இலட்சம் ஆண்டு வரலாற்றைத் தன் சரளையில் காத்துவைத்த ஆறு, கீழே சில பத்தாண்டுகளில் தன் படிவத்தை இழந்துகொண்டிருக்கிறது.

தமிழாய்வாளர்க்கு இதில் நேரான தொடர்பு உண்டு. நெய்தல்திணை பற்றி ஆய்வேடுகள் பல எழுதப்படுகின்றன. கழியும் கானலும் உப்பங்கழி நிலமும் அவற்றில் சொற்களாக உள்ளன. அச்சொற்கள் குறிக்கும் நிலத்தின் எஞ்சிய பகுதி வடசென்னை மாணவர் ஒருவர் பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவில், திருவொற்றியூருக்கு அப்பால் கிடக்கிறது. நூலகப்பணி ஆய்வாளரின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் களத்துக்குச் செல்வதை ஓய்வுநாள் பொழுதுபோக்காக ஒதுக்கும்போது, சொல்லைப் பொருளோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்பை நாமே விட்டுவிடுகிறோம். படிக்கவேண்டிய நிலம் மறையும் வேகத்தை நோக்க, இது காலம் தாழ்த்தக்கூடிய ஒன்றன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஃபூட் பணிநேரம், விருப்பநேரம் எனத் தம் வாழ்வைப் பகுத்தவர் அல்லர். பணி அவரை வெளிக்குக் கொண்டுசென்றது. விருப்பம் அவரை அங்கே நிறுத்திவைத்தது. பணி தந்த பயிற்சியே விருப்பத்துக்குக் கருவியாயிற்று.

1863ஆம் ஆண்டின் இரு கண்டுபிடிப்புகளும் தற்செயல் நிகழ்ச்சிகள் அல்ல. பல்லாவரத்தில் எழுந்த ஐயமே அத்திரம்பாக்கம் வரை நடக்கச்செய்தது. தமிழக வரலாற்று நூல்கள் முதல் நிகழ்வை மட்டும் கூறி இரண்டாவதை விடும்போது, கண்டுபிடிப்பின் முறைமை மறைந்து பெருமை மட்டும் எஞ்சுகிறது.

பெர்சிவலின் சொற்றொகுப்பையும் ஃபூட்டின் கற்றொகுப்பையும் ஒருசேர வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் அறிவுச்சூழலை ஆராய்வது தமிழியலுக்குப் புதிய களமாகும்.

அவருடன் நடந்த பெயரறியா உழைப்பாளரின் பங்கும் இவ்வரலாற்றில் சேர்க்கப்பட வேண்டும்.

ஃபூட்டின் முடிவுகளுள் சில கைவிடப்பட்டன. அவருடைய இடக்குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. நிலத்தில் நின்று எழுதப்பட்ட குறிப்பு எழுதியவரின் கொள்கையைக் கடந்தும் வாழும். எண்ணூர்க் கழியில் நீரும் மணலும் எஞ்சியிருக்கும் காலத்திலேயே அத்தகைய குறிப்புகளை நெய்தல் ஆய்வாளர் எழுதிவைத்தல் வேண்டும்.